வாசகர் கேள்வி: இந்தத் தாளில் நான் கையெழுத்திடலாமா?

கேள்வி: பழைய வழிபாட்டு முறையை மாற்றாமல் காத்துவந்த சபை எங்களுடையது. புதிய போதகர் வந்த பிறகு ஆர்கன் இருந்த இடத்தில் கிட்டாரும் டிரம்ஸும் வந்துவிட்டன. ஞானப்பாட்டுகள் குறைந்து, திரையில் ஓடும் குறும்பாடல்கள் பெருகிவிட்டன. பாவ அறிக்கை ஜெபமும் விசுவாசப்பிரமாணமும் எந்த அறிவிப்பும் இல்லாமல் ஆராதனையிலிருந்து நின்றுபோயின. பெண்கள் வேதபாடம் வாசிக்கிறார்கள். இயேசு சரீரத்தோடு உயிர்த்தெழுந்தார் என்பதைவிட சீஷர்களின் அனுபவமே முக்கியம் என்றும் போதகர் ஒருமுறை பிரசங்கித்தார். மூப்பர்களில் ஒருவரான என் கணவரும் வேறு சிலரும் தனிச் சபையாகப் பிரிவதென்று முடிவுசெய்து, குறைகளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். எங்கள் மகளோ அந்த இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். விருப்பமுள்ளவர்களுக்குக் காலையில் பழைய முறைப்படி தனி ஆராதனை நடத்தலாம் என்று போதகர் சொல்லியிருக்கிறார். நான் யார் பக்கம் நிற்பது? கையெழுத்திடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மேலே இருப்பது உங்கள் கடிதத்தின் சுருக்கம். முழுக் கடிதத்தில் டிரம்ஸின் சத்தத்துக்கு ஒரு பக்கத்துக்கு மேல் போயிருக்கிறது. திரைக்கும் இசைக்குழுவினரின் உடைக்கும் இன்னொரு பக்கம். உயிர்த்தெழுதலைப் பற்றிப் போதகர் சொன்னதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான். வாரந்தோறும் காதில் விழுவதுதான் முதலில் வலிக்கும் என்பதால் இதில் உங்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் எடுத்துக்காட்டியிருக்கும் வரிகளைப் பார்த்தால், உங்கள் கணவரும் நண்பர்களும் தயாரித்திருக்கும் தாளும் ஏறக்குறைய இதே அளவில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தாளில், இப்போதுள்ள வடிவில், நீங்கள் கையெழுத்திட வேண்டாம். போதகர் செய்ததெல்லாம் சரி என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அவர் செய்தவற்றுள் மிகக் கடுமையானது, அந்தத் தாளில் மிகச் சிறியதாகிப்போய்விட்டது என்பதற்காகவே சொல்கிறேன்.

இசையை முதலில் பார்ப்போம். உங்கள் கணவர் உயிராய் மதிக்கும் ஞானப்பாட்டுகளும் ஒருகாலத்தில் சபையைப் பிளந்த புதுமைகள்தாம். 17ஆம் நூற்றாண்டு லண்டனில், மனிதர் இயற்றிய பாட்டைச் சபையார் எல்லோரும் சேர்ந்து பாடுவது வேதத்துக்குப் புறம்பானது என்று பாப்டிஸ்டுகள் பலர் உறுதியாக நம்பினார்கள். பெஞ்சமின் கீச் என்ற போதகர், 1673 வாக்கில், திருவிருந்து முடிந்த பின் ஒரே ஒரு பாட்டுப் பாடும் வழக்கத்தைத் தம் சபையில் தொடங்கினார். பாட்டைக் கடைசியில் வைத்ததால், மனச்சாட்சி இடங்கொடுக்காதவர்கள் அதற்கு முன் எழுந்து போய்விட முடிந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மெதுவாக நடந்து, 1691இல்தான் ஒவ்வொரு ஞாயிறும் பாடுவதென்ற தீர்மானத்துக்கு அந்தச் சபை வந்தது. அப்போதும் ஒரு பகுதியினர் ஏற்காமல் பிரிந்துபோய்த் தனிச் சபை அமைத்தார்கள். பாட்டை மறுத்துப் பிரிந்த அந்தச் சபையும் பின்னாளில் பாடத் தொடங்கியது. 1707இல் ஐசக் வாட்ஸ் என்ற ஆங்கிலப் பாடலாசிரியரின் பாடல்கள் அச்சில் வந்தபோதும், சங்கீதங்களை மட்டுமே பாடிவந்த சபைகளில் இதே எதிர்ப்புத்தான் எழுந்தது. ஸ்காட்லாந்து சுயாதீன சபை ஞானப்பாட்டுகளுக்கும் இசைக்கருவிகளுக்கும் இடங்கொடுத்தது 2010இல்தான். அப்போதும் அவற்றை ஏற்பதா வேண்டாமா என்ற முடிவை அந்தந்தச் சபையின் மூப்பர் மன்றத்துக்கே விட்டது. ஆகவே, கிட்டார் வந்ததனால் சபை சத்தியத்தைவிட்டு விலகிவிட்டது என்று எழுதப்பட்ட வரியின் கீழ் உங்கள் பெயரை வைக்காதீர்கள்.

அதற்காக, ஆராதனையின் வடிவம் அவரவர் ருசி, அதில் பேச ஒன்றுமில்லை என்று சொல்பவர்களோடும் நான் உடன்பட மாட்டேன். சபை என்ன நம்புகிறது என்பதை அதன் அங்கத்தினர் பலர் பிரசங்கத்தைவிடப் பாட்டிலும் ஜெபத்திலும்தான் கற்றுக்கொள்கிறார்கள். எனவே தாளத்தை விட்டுவிட்டு வார்த்தைகளைப் பாருங்கள். கடந்த சில ஞாயிறுகளில் பாடிய பாடல்களின் வரிகளை ஒரு நோட்டில் எழுதி, அவற்றில் பாவம் இருக்கிறதா, சிலுவை இருக்கிறதா, உயிர்த்தெழுதலும் கர்த்தருடைய வருகையும் இருக்கின்றனவா, துக்கத்தில் இருப்பவன் சொல்லக்கூடிய ஒரு வரியாவது இருக்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். 150 சங்கீதங்களில் மிகப் பெரிய பகுதி புலம்பலும் முறையீடும்தான். 88ஆம் சங்கீதம் ஓர் ஆறுதல் வரிகூட இல்லாமலே முடிகிறது. வாரந்தோறும் மகிழ்ச்சியை மட்டுமே பாடும் சபையில், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு வாய் திறக்க இடமில்லாமல் போகும். இந்தக் குறை உங்கள் நோட்டில் தெரிந்தால் போதகரிடம் அதையே கொண்டுபோங்கள். “சத்தம் அதிகம்” என்ற முறையீட்டுக்கு அவரிடம் பதில் தயாராக இருக்கும். இதற்கு அவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். பழைய பாடல்களையும் அதே நோட்டில் அதே அளவுகோலால் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அவற்றிலும் வெறும் உணர்ச்சிப் பெருக்கானவை உண்டு.

பாவ அறிக்கையும் விசுவாசப்பிரமாணமும் நின்றுபோனது இதைவிடப் பெரிய காரியம். அதிலும் அறிவிப்பில்லாமல் நின்றதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. நேரம் போதவில்லை என்பதற்காக நிறுத்தியிருக்கலாம், புதிதாக வருகிறவர்களுக்குப் புரியாது என்று நினைத்திருக்கலாம், அவற்றைச் சொல்ல அவருக்கே மனம் ஒப்பாமலும் இருக்கலாம். மூன்றும் ஒன்றல்ல. எது என்று கேட்டறியும் உரிமை மூப்பர் மன்றத்துக்கு உண்டு, உங்கள் கணவர் அந்த மன்றத்தில் இருக்கிறார். அவர் அங்கே இதைக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.

பெண்கள் வேதபாடம் வாசிப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். வேதத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதில் ஒத்த மனமுள்ளவர்களே பவுலின் நிருபங்களை இதில் வெவ்வேறாகப் புரிந்துகொள்கிறார்கள். இதை உங்கள் சபையின் சட்டத்தையும் விசுவாச அறிக்கையையும் வைத்துத் தனியாகப் பேசித் தீர்க்க வேண்டும். உயிர்த்தெழுதலோடு ஒரே தாளில் எழுதக் கூடாது.

இனி அந்த ஒற்றை வாக்கியத்துக்கு வருகிறேன். “கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா” என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதில் நவீனம், பழைமை என்ற பேச்சுக்கே இடமில்லை. போதகர் நீங்கள் புரிந்துகொண்ட பொருளிலேயே அதைச் சொல்லியிருந்தால், அவர் தொட்டிருப்பது சபை நிற்கும் அஸ்திபாரத்தை. அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் சபையில் 1920களில் நடந்த போராட்டம் இதைப் பற்றியதுதான். நவீன இறையியல் கிறிஸ்தவத்தின் ஒரு புதிய வகை அன்று, அது வேறொரு மதமே என்று 1923இல் கிரெஷம் மேச்சன் என்ற இறையியல் பேராசிரியர் வெளிப்படையாக எழுதினார். ஆனால் எழுதிய மறுநாளே அவர் வெளியேறிவிடவில்லை என்பதை உங்கள் கணவர் கவனிக்க வேண்டும். சபையின் மன்றங்களில் ஆண்டுக்கணக்காக வாதாடி, ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகி, 1936இல் மேல்முறையீடும் தள்ளப்பட்ட பிறகே அவரும் அவரோடு இருந்தவர்களும் புதிய சபையை அமைத்தார்கள். அந்தப் போராட்டத்தில் அவருடைய சொல்லுக்கு எடை இருந்தது என்றால், ஆராதனையின் வெளித்தோற்றத்தைப் பற்றிய குறைகளை அவர் அதோடு கலக்காததும் அதற்கு ஒரு காரணம்.

ஆகவே, முதலில் உங்கள் கணவரும் இன்னொரு மூப்பரும் போதகரைத் தனியாகச் சந்தித்து, பிரசங்கத்தில் அவர் சொன்ன வார்த்தைகளையே முன்வைத்து, “இயேசு சரீரத்தோடு எழுந்தார் என்று விசுவாசிக்கிறீர்களா?” என்று நேரடியாகக் கேட்கட்டும். அவர் பிரசங்கத்தில் தவறான வார்த்தையைப் பயன்படுத்தியிருக்கலாம். சீஷர்களின் மனமாற்றத்தை அழுத்திச் சொல்லப்போய் எல்லை தாண்டியிருக்கலாம். ஆம் என்று அவர் சொன்னால், அதைச் சபையார் முன்பாகப் பிரசங்க பீடத்திலிருந்தே தெளிவாக்கும்படி கேட்கலாம்; அப்படிக் கேட்பதில் அவருக்கு அவமானம் இல்லை. இல்லை என்றாலோ, தெளிவாகப் பதில் சொல்ல மறுத்தாலோ, மூப்பர் மன்றத்தில் எழுத்து மூலம் வையுங்கள். அதற்கு மேல் ஓர் ஆளுகை அமைப்பு உங்கள் சபைக்கு இருந்தால் அங்கேயும் கொண்டுபோங்கள். அந்தக் கதவுகள் எல்லாம் மூடிய பிறகு பிரிவதைப் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அவசரத்தால் நேரும் கேட்டுக்கு ரஷ்யத் திருச்சபை ஒரு சாட்சி. 1650களில் முதுபெரும் தந்தை நிக்கோன் வழிபாட்டைத் திருத்தினார். சிலுவை அடையாளம் போட இரண்டு விரலா மூன்று விரலா, அல்லேலூயாவை இரண்டு முறை சொல்வதா மூன்று முறையா என்ற அளவிலேயே மாற்றங்கள் பெரும்பாலும் இருந்தன. திரியேகத்தைப் பற்றியோ கிறிஸ்துவைப் பற்றியோ இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு தரப்பு மக்களைக் கேளாமல் அதிகாரத்தால் திணித்தது. மறுதரப்பு ஒவ்வொரு விரலிலும் இரட்சிப்பையே கண்டது. 1666–67இல் கூடிய திருச்சபைச் சங்கம் பழைய முறைகளைச் சபித்தது, எதிர்ப்பின் தலைவர்களுள் ஒருவரான அவ்வாக்கும் 1682இல் எரித்துக் கொல்லப்பட்டார். அந்தச் சாபத்தை ரஷ்யத் திருச்சபை நீக்கியது 1971இல். உங்கள் போதகரும் உங்கள் கணவரும் இதைச் சேர்ந்து படித்தால் நல்லது.

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. “அம்மா, நீங்கள் அப்பா பக்கமா, என் பக்கமா” என்று மகள் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் வாதாடாமல், விசுவாசப்பிரமாணம் நின்றுபோனதை அவள் கவனித்தாளா என்று மட்டும் கேளுங்கள். கிட்டார் கேட்ட இளைஞர்கள் பிரமாணத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். இப்போதுள்ள தாளோ அவர்கள் எல்லோரையும் ஒரே கட்சியாக்கி, போதகரின் பின்னால் தள்ளிவிடுகிறது. “சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்” என்று உங்கள் மகளும் தயங்காமல் சொல்வாளானால், இந்த விஷயத்தில் அவளும் அவள் தகப்பனாரும் ஒரே பக்கம்தான். அதை அவர் அவள் வாயிலிருந்தே கேட்க வேண்டும். கணவர் மூப்பர் என்பதற்காக மனைவியின் கையெழுத்தும் தானாக வந்துவிட வேண்டியதில்லை. உங்கள் தயக்கத்தின் காரணத்தை அவரிடம் மரியாதையோடு சொல்லுங்கள்.

காலை ஆராதனையைப் பற்றி: தற்காலிக ஏற்பாடாக அதை ஏற்றுக்கொள்ளலாம். நிரந்தரமானால் வயதானவர்கள் ஒரு வேளையும் இளைஞர்கள் ஒரு வேளையுமாக, ஒரே கட்டடத்தில் இரண்டு சபைகள் உருவாகிவிடும் என்று அஞ்சுகிறேன். பிரமாணமும் பாவ அறிக்கையும் திரும்பவந்த ஒரே ஆராதனை, அதில் பழைய பாட்டும் புதிய பாட்டுமாக அமைவதையே கேளுங்கள். ஜெர்மனியில் 1548இல் பேரரசரின் வற்புறுத்தலால் சடங்குகளில் விட்டுக்கொடுத்த லூத்தரன்களிடையே பெரும் சர்ச்சை மூண்டது. அதை முடித்துவைத்த 1577ஆம் ஆண்டு அறிக்கை, தேவன் கட்டளையிடாத, தடைசெய்யாத சடங்குகளை அந்தந்தச் சபை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பலவீனர் இடறாதபடி பார்த்துச் செய்ய வேண்டும் என்றது; சத்தியத்தை அறிக்கையிட வேண்டிய நேரத்தில் சடங்கிலும் விட்டுக்கொடுக்கலாகாது என்றும் அதே அறிக்கை சொன்னது. பழைய ஆராதனையைத் தருகிறோம், உயிர்த்தெழுதலைப் பற்றிய கேள்வியை இத்தோடு விட்டுவிடுங்கள் என்று யாராவது பேரம் பேசினால், அந்தக் காலை ஆராதனையை வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கேள்வியை மன்றத்துக்குக் கொண்டுபோங்கள்.