பழைய சுருக்கக் கோப்புக்காகப் புது பேக்கேஜ் தேவையா?

கேள்வி: காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டுப் பேரேடுகளையும் ஐந்தொகைகளையும் ஸ்கேன் செய்து, எல்எச்ஏ, ஆர்ஏஆர் கோப்புகளாகச் சுருக்கி வைத்திருக்கிறோம். பங்காளிகள் வீடுகளிலுள்ள ஆறு கணினிகளிலும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம்தான். பழைய விரிப்புக் கருவி ஒன்றின் மூலநிரல் கிடைத்தது. அதைப் பேக்கேஜ் (நிறுவத் தயாரான தொகுப்பு) செய்து டெபியன் திட்டத்துக்கே அனுப்பலாமா?

பதில்: இப்போது வேண்டாம். லிப்ஆர்க்கைவ்-டூல்ஸ் பேக்கேஜோடு வரும் பிஎஸ்டிடார் (bsdtar) என்ற கருவி இந்த இரண்டு வடிவங்களையும் படிக்கும். கடவுச்சொல் போட்ட, பல பாகங்களாகப் பிரித்த ஆர்ஏஆரில் அது தடுமாறினால் அன்ஆர் (unar) கருவியைப் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் திறக்காத கோப்பு மிஞ்சினால்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

அப்போது முதலில் உரிமம். மூலநிரல் கையில் கிடைத்துவிட்டால் அது கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்த, மாற்ற, பகிர உரிமை உள்ளது) ஆகிவிடாது. அன்ரார் (unrar) என்ற வேறொரு விரிப்புக் கருவியின் மூலநிரல் எல்லோருக்கும் கிடைக்கிறது. ஆனால் அதை வைத்து ஆர்ஏஆர் சுருக்கும் முறையை மீண்டும் உருவாக்கக் கூடாது என்ற நிபந்தனை இருப்பதால் டெபியனில் நான்-ஃப்ரீ (கட்டற்றதல்லாத) பிரிவில்தான் இருக்கிறது. உரிமமே குறிப்பிடாத நிரலுக்கு அந்த இடமும் கிடையாது.

அடுத்து, அதை யாராவது இன்னும் பராமரிக்கிறார்களா? விரிப்புக் கருவி முன்பின் தெரியாதவர் கொடுத்த கோப்பைத் திறக்கும் நிரல். உள்ளிருக்கும் பெயரில் இரு புள்ளியும் சாய்கோடும் (../) சேர்த்து, நீங்கள் சொன்ன ஃபோல்டருக்கு வெளியே எழுத வைக்கலாம், பொய்யான நீளம் கொடுத்து நினைவகத்தைச் சிதைக்கலாம். மூல ஆசிரியர் ஒதுங்கிவிட்டால் அந்த ஓட்டைகளை அடைக்கும் பொறுப்பு பேக்கேஜ் செய்தவர் தலையில்தான் விழும். பராமரிப்பு நடந்தாலும் கவனம் வேண்டும்: 2024இல் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) புகுந்தபோது, அதைத் தூண்டும் வரிகள் மூலநிரல் வளரும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டு டார் தொகுப்புக் கோப்பில் மட்டும் இருந்தன. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கட்டுங்கள் (மூலநிரலை இயங்கும் நிரலாக்குங்கள்).

எல்லாம் தேறினாலும் ஆறு கணினிகளுக்கு நீங்களே செய்த உள்ளூர் டெப் கோப்பே (டெபியன் பேக்கேஜ் கோப்பு) போதும். பதிப்பை 1.2-0.1 என்பதுபோல் வையுங்கள். பின்னால் டெபியனில் 1.2-1 வந்தால் அப்கிரேடில் அதுவே ஏறிக்கொள்ளும். இருப்பதிலேயே பழைய டெபியனில் கட்டுங்கள்: ஜிலிப்சி (நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம்) 2.41 உள்ள டெபியன் 13இல் கட்டியது, 2.36 உள்ள 12இல் ஓடாமல் போகலாம். மூலநிரலிலிருந்து நேரடியாக நிறுவும் மேக் இன்ஸ்டால் கட்டளையைப் போட வேண்டாம். அந்தக் கோப்புகள் டெபியனின் பேக்கேஜ் நிர்வாகக் கருவியான டிபிகேஜி கணக்கில் வராது, நீக்கும்போது அங்கங்கே தங்கிவிடும்.

விரித்த பக்கங்களைச் சாதாரண டார் கோப்பாக வைத்து, ஷா256 (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் குறியீடு) பட்டியலையும் கூடவே போடுங்கள். ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை. மறுபடி சுருக்கினாலும் இடம் பெரிதாக மிச்சமாகாது. ஒவ்வொரு ஏட்டையும் திறந்து பார்த்து முடிக்கும்வரை பழைய கோப்புகளை அழிக்காதீர்கள்.