கூலர் ஓடுகிறது, ஆயில் ஏன் ஆறவில்லை?

கேள்வி: எங்கள் நீராவி டர்பைனில் கூலரிலிருந்து வெளிவரும் லூப் ஆயில் (பேரிங்குகளுக்குப் போகும் மசகெண்ணெய்) வழக்கமாக 43 டிகிரி. மார்ச்சிலிருந்து 51 காட்டுகிறது. தண்ணீர் வால்வை முழுக்கத் திறந்தாயிற்று. பெரிய பம்ப் போடலாமா?
– வாசகர், பீன்யா, பெங்களூரு

பதில்: பம்புக்கு ஆர்டர் கொடுக்கும் முன் நாலு இடங்களில் சூட்டை அளந்து எடுங்கள்: ஆயில் உள்ளே, வெளியே, தண்ணீர் உள்ளே, வெளியே. வேகமும் லோடும் மாறாதவரை பேரிங்குகள் ஆயிலில் ஏற்றும் சூடும் பெரிதாக மாறாது. ஆகவே கோளாறு எங்கே என்று இந்த எண்களே காட்டிக்கொடுத்துவிடும்.

உள்ளே வரும் தண்ணீரே 8 டிகிரி ஏறியிருந்தால் கூலர்மேல் பழி இல்லை. கூலிங் டவரைப் பாருங்கள். தண்ணீர் உள்ளே போகும் சூட்டுக்கும் வெளியே வரும் சூட்டுக்கும் வித்தியாசம் முன்பைவிடக் கூடியிருந்தால் ஓட்டம் குறைந்திருக்கிறது: ஸ்ட்ரெய்னரில் (தண்ணீர் வடிகட்டியில்) அடைப்பு, அல்லது வாட்டர் பாக்ஸில் (கூலர் முனையிலுள்ள தண்ணீர் அறையில்) காற்று. அந்த வித்தியாசம் அப்படியே இருக்க, வெளிவரும் ஆயிலுக்கும் உள்ளே வரும் தண்ணீருக்குமான இடைவெளி மட்டும் அகன்றிருந்தால் கூலருக்குள் தண்ணீர் ஓடும் ட்யூப்களில் படிவு.

கோடையில் டேங்கர் லாரி போர்வெல் தண்ணீரை டவரில் ஊற்றுகிற ஊர் இது. என் சந்தேகம் மூன்றாவதன்மேல்தான். வீட்டு கீசரில் படிகிற அதே சுண்ணாம்பு. எவ்வளவு பெரிய பம்பானாலும் அதைக் கரைக்காது. மென்மையான படிவுக்கு நைலான் பிரஷ் போதும். இறுகியிருந்தால் இன்ஹிபிட்டர் (உலோகத்தை அமிலம் அரிக்காமல் காப்பது) கலந்த சல்பாமிக் அமிலக் கரைசலைச் சுற்றவிட்டு, நன்றாக அலசி, பிரஷர் டெஸ்ட் செய்த பிறகே மாட்டுங்கள்.

சுத்தம் செய்த உற்சாகத்தில் ஆயிலை 40-க்குக் கீழே இறக்கிவிடாதீர்கள். ஆயில் தடித்து, ஷாஃப்ட் பேரிங்கிலுள்ள ஆயில் படலத்தின்மேல் நிலையாக நிற்காமல் அதிர்வு கூடும். தண்ணீரைக் குறைப்பதானால் வெளிவாசல் வால்வில் குறையுங்கள். ட்யூப்கள் நிறைந்தே இருக்கும்.

கேள்வி: ஓட்டத்திலேயே ஸ்டாண்ட்பை கூலருக்கு மாற்றினோம். டர்பைன் டிரிப் ஆனது (பாதுகாப்புக்காகத் தானாகவே நின்றுவிட்டது). ஏன்?
– அதே வாசகர்

பதில்: அந்தக் கூலர் காலியாக இருந்திருக்க வேண்டும். கூலர் மாற்றும் வால்வைத் திருப்பியதும் ஆயில் அதை நிரப்பப் போக, பேரிங் ஹெடரில் (பேரிங்குகளுக்கு ஆயில் பிரித்துத் தரும் குழாயில்) பிரஷர் விழுந்திருக்கும். டிரிப் ஆனதே நல்லது. ஆகாமல் காற்று பேரிங்குக்குப் போயிருந்தால் பேபிட் (பேரிங்கின் உள்பூச்சான மென்மையான உலோகம்) உருகியிருக்கும். இனி முதலில் சின்ன ஃபில்லிங் வால்வைத் திறந்து, மேலேயுள்ள வென்ட்டில் (காற்று வெளியேறும் வழியில்) குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை காத்திருங்கள். தண்ணீர்ப் பக்கத்திலும் காற்றை எடுங்கள். வென்ட்டை மூடி, ஃபில்லிங் வால்வு திறந்தபடியே, பிரஷர் கேஜைப் பார்த்துக்கொண்டு மாற்றும் வால்வை மெதுவாகத் திருப்புங்கள்.