செம்பனைக்குள் வரும் பன்றிக்கு எந்தத் துப்பாக்கி?

கேள்வி: ஐயா, நிபோங் திபால் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் செம்பனை இருக்கிறது. போன வருஷம்தான் மறுநடவு செய்தோம். காட்டுப்பன்றி வந்து கன்றுகளைக் கிளப்பிப் போட்டுக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகிறது. ஒரே வாரத்தில் முப்பது கன்று போய்விட்டது. துப்பாக்கி லைசென்சுக்கு மனு போடலாம் என்றிருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் மச்சான் .308 ரைபிள் வைத்திருக்கிறார், நீயும் அதையே வாங்கு என்கிறார். எந்த ரைபிள் வாங்குவது?

பதில்: தம்பி, உங்கள் மச்சான் சொன்னது அவர் ஊருக்குச் சரி. அங்கே பன்றியைப் புல்வெளியில் நூறு, நூற்றைம்பது மீட்டர் தள்ளிப் பார்த்துச் சுடுகிறார்கள். 1952இல் வந்த .308 அதற்கு நல்ல தோட்டா. பத்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவான குண்டு, நொடிக்கு 850 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் போகும். முனை ஈயமாக இருக்கும் வேட்டைக் குண்டு என்றால் பெரிய ஆண் பன்றியும் நிற்காது. ஒருநாள் அவரோடு அங்கே போனால், ஒவ்வொரு வேட்டுக்கும் கையால் தாழை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் .308 எடுங்கள். அதற்கு வலுக்குறைந்த ஸ்கோப் போதும். .223 மலிவு, உதையும் கம்மி. ஆனால் குண்டு சிறிது என்பதால் சரியான இடத்தில் பட்டால்தான் பன்றி விழும். அரைத் தானியங்கி ரைபிள் பற்றி யோசிக்கவே வேண்டாம். 1996இல் போர்ட் ஆர்தரில் நடந்த படுகொலைக்குப் பிறகு அந்த நாடு அதைச் சாதாரண வேட்டைக்காரர் கைக்கு எட்டாமல் செய்துவிட்டது.

இப்போது உங்கள் நிலத்துக்கு வருவோம். ஆறு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 155 மீட்டர் சொச்சம். நிபோங் திபால் இருக்கும் செபராங் பிறையின் தென்பகுதி தட்டையான பூமி. குறி தவறிய குண்டை வாங்கிக்கொள்ள உங்கள் நிலத்துக்குப் பின்னால் குன்று கிடையாது. கம்பத்து வீடு, கோயில், பள்ளிக்கூடம், நெடுஞ்சாலை என்று ஏதோ ஒன்று இருக்கும். குழல் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தால் .308 குண்டு நான்கு கிலோமீட்டர் தாண்டியும் போகும். அது எங்கே போய் இறங்கியது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் கொடுத்தாலும் ரைபிள் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எப்படியும் கொடுக்க மாட்டார்கள். நம் மலேசியாவில் தனிஆளுக்கு வேட்டை ரைபிள் லைசென்ஸ் கிடைப்பது அரிது. பயிர்க்காவலுக்குக் கிடைப்பது ரவை சிதறும் ஷாட்கன்தான், மலாய்க்காரர்கள் செனாப்பாங் பாத்தா என்று சொல்லும் மடக்குத் துப்பாக்கி.

இதில் இரண்டு காகிதம் உண்டு. பலர் ஒன்றை வாங்கிவிட்டு இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். முதலாவது, 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ். மனுவை மாவட்டப் போலீசில் கொடுப்பீர்கள், முடிவு மாநிலப் போலீஸ் தலைவர் கையில். இரண்டாவது, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் வேட்டை உரிமம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் பன்றியும் ஒரு பாதுகாக்கப்பட்ட விலங்கு. உரிமம் எடுத்துச் சுடலாம், இல்லாமல் சுட்டால் குற்றம். எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்பதெல்லாம் அதன் நிபந்தனைகளில் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துவிடுங்கள். நிலத்துக்காரர் நம் மண்ணில் நாம் சுடலாம் என்று நினைப்பது சகஜம், மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

காற்றுத் துப்பாக்கி ஆன்லைனில் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். அதுவும் ஆயுதச் சட்டத்தில் ஆயுதம்தான். கம்பத்தில் யாரோ குழாயை வைத்துச் செய்து தரும் சமாச்சாரம் இன்னும் மோசம். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் 14 வருஷம் வரை சிறையும் ஆறு பிரம்படிக்குக் குறையாமலும் வைத்திருக்கிறது. முப்பது கன்றுக்கு அந்த விலை கொடுக்க முடியாது. லைசென்ஸ் எடுத்த துப்பாக்கியை 'ஒரு ராத்திரிக்குத்தானே' என்று தம்பியிடமோ வேலையாளிடமோ கொடுக்கவும் கூடாது. லைசென்ஸ் உங்கள் பேரில்தான்.

சரி, எந்த ஷாட்கன்? 12 போர் (குழல் அளவு), இரட்டைக் குழல், மடக்குத் துப்பாக்கி. குழல் பக்கத்தில் பக்கமா மேலும் கீழுமா என்பது உங்கள் இஷ்டம். பம்ப் துப்பாக்கியில் தோட்டா அதிகம் போகும் என்பார்கள். செம்பனைக்குள் முதல் வேட்டு விழுந்ததும் மந்தை சிதறிவிடும், மூன்றாவதுக்கு வேலையே இருக்காது. மடக்குத் துப்பாக்கியில் எனக்குப் பிடித்தது வேறு. அதைத் திறந்து கையில் மாட்டிக்கொண்டு நடந்தால், தோட்டா இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கும் தெரியும், எதிரே மோட்டாரில் வருபவருக்கும் தெரியும். மழையில் வழுக்கும் பலகை மேல் கால்வாயைத் தாண்டும்போது அந்த நிம்மதிக்கு விலை கிடையாது.

பெரும்பாலும் பழையதுதான் அமையும். லைசென்ஸ் உள்ள கடை வழியாகவே வாங்குங்கள். வாங்கும்போது குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியைக் காதருகே பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கீல் தேய்ந்திருந்தால் கடகடவென்று சொல்லிவிடும். திறந்து வெளிச்சத்துக்குக் காட்டிக் குழலுக்குள் பாருங்கள். உள்ளே தெரியும் வளையங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே ஒடுக்கு விழுந்திருக்கிறது. குழலின் அடியில் தோட்டா அறை 70 மில்லிமீட்டரா 76ஆ என்று பொறித்திருக்கும். 70இல் 76 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடக் கூடாது. உள்ளே போய் உட்கார்ந்துகொள்வதால்தான் ஏமாந்துவிடுகிறார்கள். சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். வீட்டில் 20 போர் தோட்டாவை வைத்திருக்கவே வேண்டாம். அது 12 போர் குழலுக்குள் வழுக்கிப்போய் நடுவில் சிக்கி நிற்கும். நீங்கள் வெறுமை என்று நினைத்துப் பின்னால் 12ஐப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து இடதுகை போய்விடும்.

துப்பாக்கியை விட முக்கியம் தோட்டா. எனக்கு லைசென்ஸ் வந்த புதிதில், கையில் பறவை சுடும் பொடி ரவை மட்டும் இருந்தது. இருபது மீட்டரில் ஒரு பெட்டைப் பன்றி குறுக்கே நின்றது. கிட்டத்தில்தானே நிற்கிறது என்று சுட்டுவிட்டேன். கத்திக்கொண்டே ஓடியது. மூன்றாம் நாள் கால்வாய் ஓரமாக உடும்புகள் கூடியிருந்ததைப் பார்த்துத்தான் அது எங்கே விழுந்தது என்று தெரிந்தது. பொடி ரவை பன்றியின் தோலில் நின்றுவிடும், சாவு மட்டும் மெதுவாக வரும். அதற்குப் பிறகு எஸ்.ஜி. என்ற பெரிய ரவைத் தோட்டாவைத் தவிர வேறு தோட்டாவை நான் பன்றிக்குப் போட்டதில்லை. சாதாரணத் தோட்டாவில் எட்டரை மில்லிமீட்டர் பருமனில் ஒன்பது ரவை இருக்கும். எல்.ஜி.யில் ரவை இன்னும் பெரிது, எண்ணிக்கை குறைவு. ஒற்றைக் குண்டான ஸ்லக் ஐம்பது மீட்டர் வரை நன்றாக அடிக்கும், ஆனால் பன்றியைத் துளைத்து அந்தப் பக்கம் போகும். தட்டை நிலத்தில் எனக்கு அதில் இஷ்டமில்லை. அப்படியே வாங்கினாலும் இறுக்கமான சோக் உள்ள, அதாவது வாய்ப்பக்கம் குறுகிய, குழலில் அதைப் போடாதீர்கள்.

எஸ்.ஜி. வாங்கியதும் ஒரு காரியம் செய்யுங்கள். எங்கே சுட்டுப் பார்க்கலாம் என்று லைசென்ஸ் கொடுத்த போலீசிடமே கேட்டுக்கொண்டு, பெரிய மணிலா அட்டையில் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு வட்டம் போட்டு 15, 20, 25 மீட்டரில் ஒவ்வொரு வேட்டு சுடுங்கள். ஓட்டைகளை எண்ணுங்கள். ஒன்பதில் ஏழு எட்டு வட்டத்துக்குள் இருந்தால் அது நல்ல தூரம். ஐந்துக்கு இறங்கும் இடத்தில் உங்கள் எல்லை முடிகிறது. பெரும்பாலான துப்பாக்கிகள் 20, 25 மீட்டரிலேயே அதைச் சொல்லிவிடும். அந்தத் தூரத்தைக் காலால் அளந்து, நிலத்தில் ஒரு மரத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். இருட்டுகிற நேரத்தில் எல்லாப் பன்றியும் கிட்டத்தில் நிற்பதுபோலத்தான் தெரியும்.

எஸ்.ஜி. ரவையும் காற்றில் கரைந்துவிடுவதில்லை. குழலை மேலே தூக்கிச் சுட்டால் 600 மீட்டருக்கு மேலும் போகும், உங்கள் நிலத்தின் நீளத்தைப் போல நான்கு மடங்கு. அதனால் துப்பாக்கிக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் பரண் கட்டுங்கள். மூன்று மீட்டர் உயரப் பலகையில் உட்கார்ந்தால் குழல் தரையிலிருந்து நான்கு மீட்டரில் இருக்கும். இருபது மீட்டரில் நிற்கும் பன்றியைத் தாண்டிய ரவை இரண்டு, மூன்று மீட்டரில் மண்ணில் புதைந்துவிடும். உங்களிடம் இல்லாத குன்றை நான்கு கம்பமும் ஒரு ஏணியும் செய்து கொடுத்துவிடும். பன்றிக்கு மோப்பம்தான் எல்லாம், மேலே இருந்தால் உங்கள் வாடையும் அதன் மூக்குக்கு மேலே போகும். துப்பாக்கியைத் திறந்து, வெறுமையாக, கயிற்றில் கட்டி ஏற்றுங்கள். தோளில் மாட்டிக்கொண்டு ஏணி ஏறக் கூடாது.

எங்கே அடிப்பது? பன்றியின் இதயம் நாம் நினைப்பதை விடத் தாழ்வாகவும் முன்னாலும் இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்தை ஒட்டி, உடம்பின் கீழ்மூன்றில் ஒரு பங்கில் குறி வையுங்கள். கொஞ்சம் பின்னால் போனால் குடல், அப்புறம் ராத்திரி முழுக்கத் தேடல். வயதான ஆண் பன்றிக்குத் தோள் மேல் குருத்தெலும்பு போலக் கெட்டியான தோல் கவசம் இருக்கும், அதில் போய் ரவையை வீணாக்காதீர்கள். அடிபட்டது புதருக்குள் போனால் அரை மணி நேரம் காத்திருங்கள். தனியாகப் பின்னால் போகாதீர்கள். தந்தம் தொடை உயரத்துக்குச் சரியாக வரும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று கேட்கிறேன். வந்தது பன்றிதான் என்று உறுதியா? முள்ளம்பன்றியும் செம்பனைக் குருத்தைத் தின்னும். கன்று சாய்ந்து, அடித்தண்டில் உளியால் செதுக்கியதுபோல இணைப்பல் தடம் இருந்தால் அது முள்ளம்பன்றி. கன்று பிடுங்கி எறியப்பட்டு, சுற்றிலும் மண் உழுததுபோலக் கிடந்து, இரட்டைக் குளம்புக்குப் பின்னால் சற்று அகலமாக இரண்டு சின்னக் குழி தெரிந்தால் பன்றி. முள்ளம்பன்றிக்கு நான் சொன்ன எதுவும் பொருந்தாது.

பன்றியேதான் என்றாலும் சுட்டுத் தீர்த்துவிடலாம் என்று நம்பாதீர்கள். நெகிரி செம்பிலான் பாசோ காட்டில் 1996இல் எண்ணியபோது சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றி, 1998இல் 27. சுற்றிலும் உதிர்ந்த செம்பனைப் பழம், புலியோ இல்லை. அங்கே அப்படிப் பெருகிவிட்டது. உங்கள் பக்கமும் பழத்துக்குக் குறைவில்லை, புலியும் இல்லை. மாதத்துக்கு ஒன்று இரண்டு சுடுவதால் கன்று பிழைக்காது. ஆறு ஏக்கருக்குச் சுற்றளவு 620 மீட்டர் சொச்சம். துடிப்பு மின்சாரம் விடும் கருவியோடு, தரையிலிருந்து ஒரு சாணில் ஒரு கம்பி, முழ உயரத்தில் இன்னொன்று போட்டால் கன்று மூன்று வயதைத் தாண்டும்வரை வேலி காப்பாற்றும். கம்பியில் புல் தொட்டால் சக்தி போய்விடும், புல் வெட்ட ஆள் வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் மாட்டுவது கொலை, அதைச் சொல்லவே வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கம்பிச் சுருக்கும் வைக்காதீர்கள், அது சட்டத்தில் குற்றம்.

சுடாமலே செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாதீர்கள். 2021இல் சபாவில் உறுதியான ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பிறகு தீபகற்பத்துக்கும் வந்துவிட்டது. மனிதருக்கு ஒட்டாது, ஆனால் உங்கள் பூட்ஸ் மண்ணில் ஏறி வால்டோர் பக்கத்துப் பன்றிப் பண்ணைக்குப் போகும். கால்நடைத் துறைக்கு ஒரு போன் போடுங்கள். சுட்ட பன்றியையும் திறந்த லாரியில் போட்டுக்கொண்டு கம்பம் வழியாக ஓட்டாதீர்கள். தார்ப்பாயால் மூடுங்கள், அக்கம்பக்கத்தில் மனக்கசப்பு வராது.

மனு போடுவதற்கு முன் எல்லைக்கு அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கும் மலாய்க்காரப் பாக்சிக்கிடமும் சீனத் தவுக்கேயிடமும் போய் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வாருங்கள். அவர்களுக்கும் கன்று போயிருக்கும். வேலிச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். அவர்களில் யாரிடமாவது ஏற்கெனவே லைசென்ஸ் இருக்கலாம். அப்படி இருந்தால் அவர் பரண் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, உங்களுடையதை அதே திசை பார்த்துக் கட்டுங்கள்.