பினாங்கில் பன்னிரண்டு வாரத் தொண்டுப் பயிற்சி: வாசகர் கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

மதுரையில் சமூகப்பணி முதுகலை முதலாண்டு படிக்கிறேன். மாணவர் அமைப்பு ஒன்றின் வழியாகப் பினாங்கில் 12 வாரத் தொண்டுப் பயிற்சிக்குத் தேர்வாகியிருக்கிறேன். பட்டர்வொர்த் பக்கம் ஒரு சிறார் இல்லத்தில் தங்கி, அங்குள்ள பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்து அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கும் மாலையில் தமிழும் கணக்கும் சொல்லித்தர வேண்டும். "விசா தேவையில்லை, 30 நாள் முத்திரையில் வந்துவிடுங்கள், முடியும்போது தாய்லாந்தின் ஹாட்யாய் போய்த் திரும்பினால் மறுபடியும் 30 நாள்" என்கிறார் ஒருங்கிணைப்பாளர். தங்கும் இடமும் சாப்பாடும் இலவசம், கைச்செலவுக்கு மாதம் 400 ரிங்கிட் தருவார்களாம். அப்பா தயங்குகிறார். நான் வரலாமா? வந்தால் எதற்கெல்லாம் தயாராக வேண்டும்? 12 வாரத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு என்னால் என்ன செய்துவிட முடியும்?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள தங்கைக்கு,

வணக்கம். உங்கள் அப்பாவின் தயக்கம் நியாயமானது. நீங்கள் வரலாம், ஆனால் அந்த ஒருங்கிணைப்பாளர் காட்டும் வழியில் வராதீர்கள்.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம். அது ஊர் சுற்றவும் உறவினரைப் பார்க்கவும் தரும் சோஷியல் விசிட் பாஸ். அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. "சம்பளம் வாங்கவில்லை, தொண்டுதானே" என்று பலரும் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அட்டவணை போட்டு வகுப்பு எடுத்து, அதற்கு இடமும் சாப்பாடும் மாதம் 400 ரிங்கிட்டும் வாங்கினால், குடிநுழைவுத் துறை அதை வேலையாகவே பார்க்க இடமிருக்கிறது. பாஸை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் 1963ஆம் ஆண்டுக் குடிநுழைவு விதிகளின்படி 1,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு முடிவதில்லை. சரியான பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைத்தார்கள் என்று முடிவானால், அந்த இல்லத்துக்கு ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் விழலாம். நன்கொடையில் ஓடும் ஓர் இல்லம் அந்தத் தொகையை எங்கிருந்து புரட்டும்? உதவி செய்யப் போன இடத்துக்கு நீங்களே ஆபத்தாகிவிடக் கூடாது.

ஹாட்யாய் யோசனை இன்னும் மோசம். பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் எல்லை ஊரான பாடாங் பெசார் போய்விடலாம், எல்லையைத் தாண்டுவதில் சிரமம் ஒன்றுமில்லை. திரும்பும்போதுதான் சிக்கல். உள்ளே விடுவதும் மறுப்பதும் கவுண்டரில் இருக்கும் அதிகாரியின் முடிவு. ஒரு மாதம் தங்கிவிட்டு ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர் எதற்கு வருகிறார் என்பது கடப்பிதழைப் புரட்டினாலே அவருக்குத் தெரிந்துவிடும். 12 வாரத்துக்கு நீங்கள் இப்படி இரண்டு முறை போய் வர வேண்டும். மறுத்துவிட்டால் உங்கள் பெட்டி பட்டர்வொர்த்தில், நீங்கள் தாய்லாந்தில். பயந்துபோய் எல்லைக்கே போகாமல் நாள் கடந்து தங்கினால் குற்றம் வேறு வகை: 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

முறையான வழி, குறுகிய காலப் பணிக்கும் பயிற்சிக்கும் தரும் புரொபஷனல் விசிட் பாஸ். அதிகபட்சம் 12 மாதம் வரை தருகிறார்கள். இங்குள்ள அமைப்புதான் உங்களுக்குப் பொறுப்பேற்று விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் வரும்வரை நீங்கள் மதுரையில் இருக்க வேண்டும். "முதலில் வந்துவிடுங்கள், இங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாரக்கணக்கில் இழுக்கும் வேலை இது. ஆகவே ஒப்புதல் கடிதம் கைக்கு வந்த பிறகே விமானச் சீட்டு எடுங்கள். கடிதத்தில் பாஸின் வகை, பொறுப்பேற்ற அமைப்பின் பெயர், வேலை செய்யும் இடம் மூன்றையும் படித்துப் பாருங்கள். அந்த இடத்தை விட்டு வேறோர் இல்லத்தில் "சும்மா இரண்டு நாள் உதவி" என்று அனுப்பினால் மறுத்துவிடுங்கள்.

மலேசியா வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எம்டிஏசி என்ற மின் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் பக்கம் அரசாங்கத்துடையது அல்ல. கடப்பிதழில் ஆறு மாதமாவது மிச்சமிருக்கட்டும். விமான நிலையத்தில் எங்கே தங்குகிறீர்கள், திரும்பும் சீட்டு எங்கே, கையில் பணம் எவ்வளவு என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். "சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிடு" என யாராவது சொல்லித்தந்தால், நீங்கள் வந்திருப்பது சரியான பாஸில் அல்ல என்றுதான் பொருள். நுழைவு மறுக்கப்பட்டால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இல்லத்தில் "பாதுகாப்புக்காக" உங்கள் கடப்பிதழை வாங்கி வைக்கப் பார்த்தால் கொடுக்காதீர்கள். சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் பிறர் கடப்பிதழை வைத்திருப்பது 1966 கடப்பிதழ்ச் சட்டத்தில் குற்றம்.

இனி அந்த இல்லத்தைப் பற்றி. 1993 பராமரிப்பு மையச் சட்டப்படி அது சமூகநலத் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இங்கே எல்லோரும் ஜேகேஎம் என்று சொல்லும் துறை அதுதான். பதிவுச் சான்றிதழைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முறையாக நடக்கும் இல்லம் இதற்குக் கோபித்துக்கொள்ளாது. இரவில் யார் பொறுப்பு, உங்கள் அறை பிள்ளைகள் படுக்கும் கட்டடத்திலிருந்து தனியாக இருக்கிறதா, ஒரு பிள்ளையோடு நீங்கள் தனித்து இருக்க நேராதபடி என்ன ஏற்பாடு என்பதையும் கேளுங்கள். அவர்களும் உங்களிடம் காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் கேட்க வேண்டும். கேட்காத இடம் எந்த அந்நியரையும் அப்படித்தான் உள்ளே விடும். 12 வாரம் நீங்கள் வாழப்போவது அந்தக் கூரையின் கீழ். அதனால் இந்தக் கேள்விகளை நாசூக்குப் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை எங்கேயும் போடாதீர்கள். சட்டப்படி பாதுகாப்பில் வைக்கப்பட்ட பிள்ளையின் படத்தையோ பெயரையோ வெளியிடுவதை 2001 சிறார் சட்டம் தடுக்கிறது. யார் அப்படிப்பட்ட பிள்ளை என்பது உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். இல்லத்துப் பிள்ளைகள் ஏற்கெனவே ஒருவரை இழந்து வந்தவர்கள். 12 வாரம் அக்கா அக்கா என்று சுற்றிவந்து, பிறகு அக்கா விமானம் ஏறிவிட, அடுத்த மாதம் இன்னொரு அக்கா வருவார். இப்படி வருடத்துக்கு நான்கு பேர் மாறினால் அந்தப் பிள்ளை ஒட்டுவதையே விட்டுவிடும். ஆகவே அன்புக்குரிய இடத்தில் எப்போதும் அங்கேயே இருக்கும் ஆசிரியரோ பராமரிப்பாளரோ நிற்கட்டும். நீங்கள் அவருக்குப் பின்னால் நின்று அவர் கைக்கு வலுவாக இருங்கள். முதல் நாளே பிள்ளைகளிடம் எந்தத் தேதி வரை இருப்பீர்கள் என்று சொல்லி, நாள்காட்டியில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். "திரும்பி வருவேன்" என்று சொல்லாதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இங்கே தமிழே சொல்லித்தர ஆளில்லை என்று நினைத்துக்கொண்டு வருவதுண்டு. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816இலேயே தமிழ் வகுப்பு தொடங்கியது. இன்று இந்த மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 1996 கல்விச் சட்டப்படி ஆசிரியராகப் பதிவோ அனுமதியோ இல்லாதவர் பள்ளியில் பாடம் நடத்த முடியாது, டியூஷன் மையமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆகவே பாடம் நடத்துவது உங்கள் பொறுப்பாக இருக்கக் கூடாது. ஆசிரியர் நடத்தும் வகுப்பில், அவரால் தனித்தனியே உட்கார்ந்து கவனிக்க முடியாத ஐந்து பிள்ளைகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாசிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 12 வாரத்துக்கு அது போதும்.

ஊரிலிருந்து பாடப்புத்தகம் தூக்கி வர வேண்டாம். பிள்ளையின் பையில் இருக்கும் பள்ளிப் பாடநூலில், அவன் படிக்கும் ஆண்டுக்கு ஓர் ஆண்டு முந்தைய புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம். சரியாக வாசித்த சொற்களை எண்ணி, தடுக்கிய எழுத்துகளை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டாம், முகம் சுளிக்க வேண்டாம். இதையே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்யுங்கள்.

குறிப்பைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் குவிந்திருக்கும். க, கா, கி, கீ தெரிந்த பிள்ளைக்கும் உகர, ஊகார வரிசை தகராறு. மற்ற வரிசைகளில் குறி மாறாமல் வரும். துணைக்கால் எங்கே போட்டாலும் துணைக்கால்தான். உகர, ஊகாரத்தில் மட்டும் மெய்க்கு மெய் உருவம் மாறுகிறது. 216 உயிர்மெய்யையும் முதலிலிருந்து ஓதவிட்டால், தெரிந்ததையே சொல்லிச் சலித்துப்போய், சிக்கலான இடம் வரும்போது பிள்ளை களைத்திருக்கும். உகரத்தின் பதினெட்டை மட்டும் அட்டையில் எழுதி வடிவப்படி பிரியுங்கள். கு தனி. டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். கீழே கோடு இறங்கும் சு, பு, யு, வு, ஙு இன்னொரு கூட்டம். சுழித்து மேலேறும் து, நு, ணு, லு, று, னு, ஞு கடைசி. ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம் போதும். ஒவ்வொன்றும் பழகியதும் அதே எழுத்து வரும் சொற்கள், பிறகு அந்தச் சொற்கள் வரும் வாக்கியம். உகரம் உறுதியான பின் ஊகாரத்தைத் தொடுங்கள். அடுத்துக் கொம்பு ஒற்றையா இரட்டையா என்ற குழப்பம் வரும்: கெ, கே, கொ, கோ. அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறிலையும் நெடிலையும் வாயால் நீட்டிச் சொல்ல வையுங்கள், எழுத வைக்க அவசரம் வேண்டாம். ல, ழ, ள வேறுபாட்டை இந்த 12 வாரத்தில் பிடித்துக்கொள்ளாதீர்கள். வாசிப்பை அது நிறுத்தாது, பிள்ளையின் தைரியத்தைத்தான் நிறுத்தும்.

கணக்குக்கு ஒரே எச்சரிக்கை: அந்தப் பிள்ளையின் பள்ளி கணிதத்தைத் தமிழில் நடத்துகிறதா, டிஎல்பி என்ற இருமொழித் திட்டத்தில் ஆங்கிலத்தில் நடத்துகிறதா என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

வருகை நிச்சயம் குறையும். பிற்பகல் மழை பிடித்துவிட்டால், அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதானால், தைப்பூசம் நெருங்கினால் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். பக்கத்து மாநிலமான கெடாவிலிருந்து வரும் உதவியாளர் யாராவது இருந்தால், அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி என்பதையும் கணக்கில் வையுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளி விளையாட்டு வேண்டாம், 200ஐத் தாண்டினால் பள்ளிகளே மூடப்படும். வராத நாளை விடுபட்ட பாடமாக எண்ணி இரட்டிப்பாகத் திணிக்காமல், விட்ட இடத்தில் தொடருங்கள்.

பத்தாவது வாரத்திலிருந்து அட்டையும் நோட்டும் ஆசிரியர் கையில் இருக்கட்டும். அவர் செய்ய நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். கடைசி நாளில் கட்டாகக் கொடுத்துவிட்டுப் போனால் அது அலமாரிக்குத்தான் போகும்.

மற்றவை சுருக்கமாக. இங்கே மின்செருகிக்கு மூன்று தட்டை முள், அடாப்டர் எடுத்து வாருங்கள். நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால். ரேப்பிட் பினாங்கு பேருந்தில் காசாகக் கொடுத்தால் மீதி கிடைக்காது, சில்லறை வைத்திருங்கள். சைவமென்றால் சைவக் கடையில் சாப்பிடுங்கள். மற்ற கடைகளில் "காய்கறி மட்டும்" என்று கேட்டு வாங்கும் கீரையிலும் பெலாச்சான் இருக்கலாம், அது இறால் விழுது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கின் சம்பலிலும் நெத்திலி உண்டு. அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் குடிமக்களைவிடப் பல மடங்கு, காப்பீடு இல்லாமல் வராதீர்கள். டெங்கி இங்கே ஆண்டு முழுக்க உண்டு. காய்ச்சல் இரண்டு நாள் விடாவிட்டால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள், அதுவரை ஆஸ்பிரின் தொடாதீர்கள். தெரிந்தவர் தந்தாலும் பிறர் பொதியைப் பெட்டியில் வைக்காதீர்கள். இந்த நாட்டுப் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது. திரும்பும் சீட்டுக்கான பணம் அமைப்பிடம் அல்ல, உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.

ஒருங்கிணைப்பாளருக்கு இன்றே எழுதி, பாஸின் வகை, இல்லத்தின் பதிவுச் சான்றிதழ், நீங்கள் யாருக்குத் துணையாக இருப்பீர்கள் என்ற ஆசிரியரின் பெயர் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொல்கிறேன் என்றால் ஏற்காதீர்கள். பதில் வந்ததும் அப்பாவிடம் காட்டுங்கள், ஒரு நகலை எனக்கும் அனுப்புங்கள். ஒப்புதல் கடிதத்தைப் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.