அரக்குச் சேலை படத்தில் ஏன் சிவப்பாகிறது?

கேள்வி: சின்னாளபட்டியில் வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலைகளும் கொஞ்சம் பட்டுச் சேலைகளும் இணையத்தில் விற்கிறேன். படமெல்லாம் போனில் எடுப்பதுதான். அரக்கு நிறச் சேலை படத்தில் தக்காளிச் சிவப்பாக விழுகிறது. 'படத்தில் பார்த்த நிறம் இல்லை' என்று போன மாதம் மட்டும் ஆறு பார்சல் திரும்பி வந்துவிட்டது. 2,500 ரூபாய் கொடுத்தால் என் பழைய லேப்டாப்பில் ஆயுளுக்கும் போட்டோஷாப் போட்டுத் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? செலவில்லாத வழி ஏதாவது உண்டா?

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. உங்கள் பிரச்சினைக்கு அந்த மென்பொருள் தேவையே இல்லை. தேவைப்பட்டாலும் அந்த ஆளிடம் வாங்கக் கூடாது.

முதலில் நிறத்தைப் பார்ப்போம். போன் கேமராவுக்குச் சேலை தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். திரை முழுக்க அரக்குச் சேலையை விரித்து வைத்தால், 'இடம் இருட்டாக இருக்கிறது போல' என்று நினைத்துக்கொண்டு அது தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அரக்கில் வெளிச்சம் கூடினால் சிவப்புதான். சந்தன நிறச் சேலைக்கு இதற்கு நேர் எதிராக நடக்கும்: வெளிச்சத்தைக் குறைத்து, துணியை அழுக்குப் பிடித்தது மாதிரி காட்டும். அதனால் அரக்கு, கரும்பச்சை, நாவல்பழ நிறம் எடுக்கும்போது திரையில் சேலையைத் தொடுங்கள். பக்கத்தில் சின்னச் சூரியன் மாதிரி ஒரு குறி வரும். அதைக் கீழே இழுத்து, கையில் இருக்கும் சேலையும் திரையில் தெரியும் சேலையும் ஒன்றாகும் இடத்தில் நிறுத்துங்கள். வெளிச்சம் கூடிப்போய் நூலும் நெசவும் தெரியாமல் சிவப்பு ஒரே பூச்சாகிவிட்ட படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கொஞ்சம் இருட்டாக எடுத்த படத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

இரண்டாவது கோளாறு கலப்பு வெளிச்சம். ஜன்னலில் பகல் வெளிச்சம், மேலே டியூப் லைட், அந்தப் பக்கம் மஞ்சள் பல்பு என்று மூன்றும் சேர்ந்தால் சேலையின் ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு நிறம் காட்டும். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கம் மட்டும் எடுங்கள். நம் வீடுகளில் சுவருக்குக் கிளிப்பச்சையோ ரோஸோ அடித்திருப்போம். அந்த நிறமும் துணியில் ஏறும். சேலைக்குப் பின்னாலும் ஜன்னலுக்கு எதிர்ப் பக்கத்திலும் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டிவிடுங்கள், போதும்.

இனி மென்பொருள். போனிலேயே முடிக்க ஸ்னாப்சீட் இருக்கிறது, இலவசம். லேப்டாப்பில் என்றால் கிம்ப், அதுவும் இலவசம். 1995-இல் கலிஃபோர்னியாவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் தொடங்கியது, இன்றைக்கும் யாரும் ஒரு பைசா கேட்பதில்லை. லேப்டாப் ரொம்பப் பழசு, எதையும் இறக்க முடியாது என்றால் பிரவுசரிலேயே ஓடும் போட்டோபியா. விளம்பரம் ஓடும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். மூன்றையும் கற்க வேண்டாம். போனில் எடுத்துப் போனிலேயே ஏற்றுபவர் என்றால் ஸ்னாப்சீட் ஒன்றே போதும்.

செய்ய வேண்டியதும் ஒன்றுதான். படம் எடுக்கும்போது சேலையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வையுங்கள். போட்டோ சாமான் கடையில் சாம்பல் அட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்னாப்சீட்டில் வொய்ட் பேலன்ஸ் என்ற பகுதியில் சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒரு கருவி இருக்கும். அதைக் காகிதத்தின் மேல் வைத்தால் படம் முழுவதும் ஏறியிருந்த மஞ்சளோ நீலமோ இறங்கிவிடும். கிம்ப்பில் கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் என்பதைத் திறந்தால் அதே மாதிரி மூன்று குழாய் இருக்கும், நடுவில் உள்ளது உங்களுக்கு. பிறகு காகிதம் தெரியாமல் ஓரத்தை வெட்டிவிடுங்கள். சுங்குடியில்தான் வெள்ளைப் புள்ளி இருக்கிறதே, அதில் வைத்தால் என்ன என்று தோன்றும். வைக்காதீர்கள். புள்ளிக்குள் சாயம் லேசாகக் கசிந்திருக்கும், மொத்த நிறமும் கோணலாகிவிடும்.

சாச்சுரேஷன் என்று ஒன்று இருக்கும், நிறத்தை அடர்த்தியாக்குவது. அதன் பக்கமே போகாதீர்கள். பார்சல் திரும்பி வருவதில் பாதிக் காரணம் அதுதான் என்பது என் அனுபவம். போன் திரையின் அமைப்பில் 'விவிட்' என்று இருந்தால் 'நேச்சுரல்' என மாற்றுங்கள். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று போட்டு வைத்த மஞ்சள் திரையையும் அணைத்துவிட்டு வேலை பாருங்கள். அதை மறந்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் திருத்திய படங்களை மறுநாள் நான் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

இப்போது அந்த 2,500 ரூபாய்க்காரர். ஆயுளுக்கும் போட்டோஷாப் என்று ஒரு சரக்கு இன்று விற்பனையில் இல்லை. அதைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் 2013-லிருந்து புதிய பதிப்புகளைச் சந்தாவுக்குத்தான் தருகிறது. பணம் கட்டுகிற வரைதான் ஓடும். ஆக, இவர் போடப்போவது பூட்டு உடைத்த திருட்டுப் பிரதி, இல்லையென்றால் வேறு யாருடைய கணக்கோ. திருட்டுப் பிரதி போடும்போது முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அதே லேப்டாப்பில்தானே உங்கள் விற்பனைக் கணக்கின் கடவுச்சொல்லும் பேங்க் கணக்கும் இருக்கின்றன? வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போன கதைதான். இப்படி ஒருவரிடம் லேப்டாப்பைக் கொடுத்து வாங்கிய ஒரு வாடிக்கையாளர், தன் கடைப் பக்கத்தையே இழந்துவிட்டு என்னிடம் வந்து அழுதார். மீட்டுக் கொடுக்க என்னால் முடியவில்லை.

இன்னொரு வகை ஆட்களும் உங்களைத் தேடி வருவார்கள். 'கேட்டலாக் செய்து தருகிறோம், படத்துக்கு இவ்வளவு' என்பார்கள். எல்லோரும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் அசல் கோப்புகளைக் கையில் கொடுக்காதவரிடம் வேலை கொடுக்காதீர்கள். உங்கள் சேலைப் படம் நாளைக்கே வேறொருவர் பக்கத்தில், வேறு விலையில் தொங்கும். அவர்கள் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, நெசவின் நுணுக்கத்தைத் தின்றுவிடும்.

விற்பனைத் தளங்களைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தம் கொதிக்கும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமேசானில் முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், கணினிக் கணக்கில் 255, 255, 255. படத்தில் 85 சதவீதத்தைப் பொருள் நிரப்ப வேண்டும். மற்ற தளங்களும் கிட்டத்தட்ட இதே பாட்டுத்தான். வெள்ளைச் சேலை விற்பவர் என்ன செய்வார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரு தளத்தில் நிறப் பட்டியலில் அரக்கு இல்லை என்று எழுதிக் கேட்டேன். மூன்று முறையும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரே பதில். பட்டியலில் மெரூனைத் தேர்ந்துவிட்டு, விளக்கத்தில் 'அரக்கு, காய்ந்த மிளகாயைவிடக் கருத்தது' என்று உங்கள் வாயால் எழுதிவிடுங்கள். பின்னணியை ஒரே தட்டில் நீக்கித் தரும் செயலிகளைப் பயன்படுத்தலாம், ஆனால் முந்தானைக் குஞ்சத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாதியை அது விழுங்கியிருக்கும். செயற்கை நுண்ணறிவால் மாடலுக்குச் சேலை கட்டிவிடுகிறேன் என்று சொல்பவை பார்டரையே மாற்றி வரைந்துவிடும். அப்புறம் வாங்குபவர் சண்டைக்கு வந்தால் நியாயம் அவர் பக்கம்தான்.

இதுவரை சொன்ன எதுவும் பலிக்காத சேலை ஒன்று உண்டு. மயில் கழுத்து. பட்டுச் சேலையும் வைத்திருப்பதாகச் சொல்வதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வேறு நிறம். நீலப் பாவில் பச்சை ஊடை என்று வையுங்கள். வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தால் நீலம் மேலே வரும், சேலையைத் திருப்பினால் பச்சை வரும். இதில் 'சரியான நிறம்' என்று ஒன்று கிடையாது. கேமராவும் தப்பு செய்யவில்லை, நீங்களும் செய்யவில்லை. வொய்ட் பேலன்ஸைத் திருப்பித் திருப்பி ஒரு முழு நாளைத் தொலைக்காதீர்கள். நானே அப்படித் தொலைத்திருக்கிறேன். ஒரே சேலையை ஒரே இடத்தில் வைத்து, ஜன்னலைப் பார்த்து ஒரு படம், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். மூன்றாவதாக, மடிப்பை விரலால் தூக்கி இரண்டு நிறமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒன்று. தளம் அனுமதித்தால், முந்தானையை மெல்ல அசைக்கும் பத்து விநாடி வீடியோவும் போடுங்கள். 'நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும்' என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

திரும்பி வந்த ஆறு சேலையையும் உடனே தள்ளிவிட வேண்டாம். அதில் ஓர் அரக்குச் சேலையை நாளைக் காலையில் ஜன்னலோரம் விரித்து, காகிதம் வைத்து, சூரியனைக் கீழே இழுத்து எடுங்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டி, சேலையைக் கையில் கொடுத்து, இரண்டில் எது இந்தச் சேலை என்று கேளுங்கள். அவர் யோசிக்காமல் புதியதைக் காட்டினால் மற்ற ஐந்தையும் எடுக்கத் தொடங்கலாம்.