இது என்ன பெரிய விஷயம்?

சென்ற இதழில் வேலை மாறுவது பற்றிக் கேட்ட ஒருவருக்கு, "முதலில் உங்கள் பலம் எது என்று பாருங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. "எப்படிப் பார்ப்பது, அதைச் சொல்லாமல் போய்விட்டீர்களே?" நியாயமான கேள்விதான். இந்த முறை முழுக்க அதுவே.

கேள்வி: எனக்கு 43 வயது. பி.ஏ. வரலாறு படித்தவள். கல்யாணமாகி இருபது வருடமாக வீட்டில்தான் இருக்கிறேன். பையன் கல்லூரிக்குப் போய்விட்டதால் ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலக வேலைக்கு நேர்காணல் போனேன். "உங்கள் பலம் என்ன?" என்றார்கள். வாயே திறக்க வரவில்லை. "வீட்டை நல்லா பார்த்துக்குவேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்குப் பலம் என்று ஏதாவது இருக்கிறதா? நாளைக்குக் குழு விஷயமாக வங்கிக்குப் போக வேண்டும், கணக்கு வேறு எழுத வேண்டியிருப்பதால் இத்துடன் முடிக்கிறேன்.
— வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான். அதனால்தான் அன்று தொலைபேசியில் கூப்பிட்டேன். நீங்கள் அனுமதித்ததால் பேசியதை இங்கே எழுதுகிறேன். ஒன்பது வருடமாக நீங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவின் ஊக்குநர், அதாவது குழுவை முன்னின்று நடத்துபவர். உறுப்பினர்கள் பதினான்கு பேர். சேமிப்பு, உறுப்பினர்களுக்குள் கொடுத்து வாங்கும் உள்கடன், வங்கிக் கடன் தவணை எல்லாவற்றுக்கும் கணக்கு உங்கள் கையெழுத்தில். தீர்மான நோட்டும் நீங்கள்தான் எழுதுகிறீர்கள். நடுவில் ஒரு உறுப்பினர் நான்கு மாதம் தவணை கட்டவில்லை. ஒருவர் கட்டாவிட்டால் குழுவுக்கே அடுத்த கடன் சிக்கலாகும் என்பதால் மற்ற பெண்கள் அவர் வீட்டு வாசலில் போய் உட்காரலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். நீங்கள் அவர்களை நிறுத்திவிட்டுத் தனியாகப் போய்ப் பேசி, தவணையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, ஏழு மாதத்தில் பாக்கி முழுவதையும் அடைக்க வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெண் இன்னும் குழுவில் இருக்கிறார். இதையெல்லாம் சொல்லிவிட்டு நீங்கள் சொன்னது: "இது என்னங்க பெரிய விஷயம், யாராவது ஒருத்தர் செய்யணுமே."

இந்த வாக்கியத்தை நான் பல வருடமாகச் சேகரித்து வருகிறேன். ஒருவர் "இது என்ன பெரிய விஷயம்" என்று தள்ளிவிடுகிற இடத்தில்தான் பெரும்பாலும் அவருடைய பலம் கிடக்கிறது. கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது நமக்கு நினைவிருக்கும். சிரமமில்லாமல் வருவதை நாம் வேலை என்றே எண்ணுவதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் வரும்போல என்று நினைத்துக்கொள்கிறோம். வராது அம்மா. நான்கு மாதம் பணம் கட்டாதவரிடம் போய், நட்பும் கெடாமல் பணமும் வாங்கி வருவது எனக்குச் சத்தியமாக வராது. 1989-இல் தருமபுரியில் இந்தக் குழுக்கள் தொடங்கிய நாளிலிருந்து எத்தனை பெண்கள் இப்படிக் கணக்கும் வழக்கும் பார்த்துவிட்டு, விண்ணப்பத்தில் அனுபவம் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருப்பார்களோ, நினைத்தால் கோபம்தான் வருகிறது.

இரண்டு நாள் யோசித்தும் ஏன் ஒன்றும் வரவில்லை என்றால், நீங்கள் "நான் எப்படிப்பட்டவள்" என்று யோசித்தீர்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாக வருவதெல்லாம் பொறுமைசாலி, நேர்மையானவள் மாதிரி வெறும் பட்டங்கள்தான், அதுவும் நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளக் கூச்சமாக இருக்கும். அதற்குப் பதிலாக "நான் என்ன செய்தேன்" என்று கேளுங்கள். ஒரு நோட்டை எடுத்து, நீங்கள் இறங்கி ஏதோ ஒன்று சரியான சம்பவங்களாக ஒரு பதினைந்து எழுதுங்கள். வீட்டு விஷயமும் சேரும். நாத்தனார் கல்யாணத்தில் சமையல்காரர் கடைசி நேரத்தில் வராமல் போனது, மாமியார் மருத்துவமனையில் இருந்தபோது யார் எந்த இரவு தங்குவது என்று முறை போட்டது, எது வேண்டுமானாலும். எப்போது, யார் இருந்தார்கள், நீங்கள் முதலில் செய்தது என்ன, அப்புறம் என்ன ஆயிற்று, இவ்வளவு போதும். பத்தாவது சம்பவத்துக்கு வரும்போது ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்திருப்பது உங்கள் கண்ணிலேயே படும். இன்னொன்றும் கவனியுங்கள். அக்கம்பக்கத்தார் எதற்காக உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்? கடன் கேட்கவா, படிவம் நிரப்பவா, சண்டை தீர்க்கவா? ஊர் ஏற்கெனவே உங்களை எடைபோட்டு வைத்திருக்கிறது.

அடுத்த நேர்காணலில் "நான் பொறுமைசாலி" என்று சொல்லாதீர்கள். அந்த நான்கு மாதத் தவணைக் கதையைச் சொல்லுங்கள். பள்ளிக்கூட அலுவலகத்தில் கட்டணப் பாக்கி என்று ஒன்று உண்டே.

கேள்வி: இணையத்தில் ஓர் ஆளுமைத் தேர்வு எழுதினேன். நான்கு எழுத்தில் ஒரு முடிவு வந்தது. விளக்கத்தைப் படித்தால் நூறு சதவீதம் அப்படியே நான்தான்! இதை வைத்து வேலையைத் தேர்ந்தெடுக்கலாமா?
— இன்ஜினியரிங் இறுதியாண்டு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, "அப்படியே நான்தான்" என்பதுதான் எனக்கு இடிக்கிறது. 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு முடிவு கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. அப்புறம்தான் தெரிந்தது, எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், அந்த வரிகளும் பெரும்பாலும் கடையில் விற்கிற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. "பிறருக்கு உங்களைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு உண்டு" என்று எழுதினால் யார்தான் இல்லை என்பார்கள்? நம் ஊர்க் கிளி ஜோசியரும் இந்த வித்தை தெரிந்தவர்தான், ஆனால் அவர் பாவம் கிளிக்கும் சேர்த்துச் சோறு போட வேண்டியிருக்கிறது.

நீங்கள் எழுதிய நான்கெழுத்துத் தேர்வுக்கு மூலமாக இருப்பது, உளவியல் முறையாகப் படிக்காத ஒரு தாயும் மகளும், கேத்தரின் பிரிக்ஸும் இசபெல் மையர்ஸும், கார்ல் யுங் என்ற சுவிஸ் உளவியலாளரின் கருத்துகளை வைத்து உருவாக்கியது. அதை நடத்துபவர்களே அது விருப்பத்தைத்தான் காட்டும், திறமையைக் காட்டாது என்று சொல்கிறார்கள். தனியாக வேலை செய்யப் பிடிக்கும் என்பது வேறு, தனியாக நன்றாக வேலை செய்வேன் என்பது வேறு.

தேர்வுதான் வேண்டும் என்றால், 2004-இல் பீட்டர்சன், செலிக்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வகைப்படுத்திய 24 குணப் பலங்களின் பட்டியலைத் தேடிப் பாருங்கள். அதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் சொல் அகராதியாக வைத்துக்கொள்ளலாம். விடாமுயற்சி, பாரபட்சமின்மை, நகைச்சுவை, நன்றியுணர்வு என்று போகும். ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவம் எழுதுங்கள், எழுத முடியாததை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது ஐந்தாறு இருந்தால் நல்ல அறுவடை.

கேள்வி: இரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். தன்னைத் தானே அறிய வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது எடுத்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் என் தப்புகள்தான் இருக்கின்றன. எழுதி முடித்தால் தூக்கம் வருவதில்லை.
— பின்னலாடை நிறுவன மெர்ச்சண்டைசர், திருப்பூர்

பதில்: நீங்கள் எழுதுவது நாட்குறிப்பு இல்லை, குற்றப்பத்திரிகை. வழக்கறிஞரும் நீங்கள், நீதிபதியும் நீங்கள், தினமும் ராத்திரி பத்து மணிக்கு விசாரணை! துணைக்கு ஒரு பெரிய மனிதர் இருக்கிறார், கவலைப்படாதீர்கள். அமெரிக்காவை உருவாக்கியவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டு, ஒரு குட்டி நோட்டில் தினமும் தவறியதற்கெல்லாம் கறுப்புப் புள்ளி வைத்தார். தான் நினைத்ததைவிடத் தன்னிடம் குறைகள் அதிகம் என்று கண்டு திகைத்துப்போனதாக அவரே எழுதியிருக்கிறார். பொருள்களை அதனதன் இடத்தில் வைக்கும் ஒழுங்கு மட்டும் அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை. ஆனாலும் அச்சகம் நடத்தினார், மின்னலை ஆராய்ந்தார், ஒரு நாடு உருவாவதற்குக் கையெழுத்துப் போட்டார். அவருடைய நோட்டில் இவற்றுக்குப் புள்ளியே கிடையாது என்பதைக் கவனியுங்கள். அது அந்த வேலைக்கான நோட்டே இல்லை.

பலத்தைப் பார்க்க வேறு நோட்டு வேண்டும். நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் 1999-இல் எழுதிய ஒரு கட்டுரையில் சொன்ன வழி எனக்கு ஒத்து வந்தது. ஒரு முக்கியமான முடிவெடுக்கும்போது, என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதி வைத்துவிட வேண்டும். ஒன்பது மாதமோ ஒரு வருடமோ கழித்து எடுத்து, நடந்ததோடு ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான். இரண்டு மூன்று வருடத்தில் பலம் எங்கே என்று தெரிந்துவிடும் என்றார். அவர் பதினைந்து இருபது வருடம் செய்தும் ஒவ்வொரு முறையும் ஆச்சரியப்பட்டாராம். பொறியாளர், கணக்காளர் மாதிரி தொழில்நுட்ப ஆட்களைத் தனக்கு இயல்பாகவே புரிகிறது என்பதையே அவர் இப்படித்தான் கண்டுகொண்டார்.

என் கதையைக் கேளுங்கள். ஆளைப் பார்த்ததும் எடைபோட்டுவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. இரண்டு வருட நோட்டைப் புரட்டினால், ஆட்களைப் பற்றி எழுதியது பதினொன்று, சரியாக வந்தது மூன்று. "இவர் ஆறு மாதம் தாங்க மாட்டார்" என்று நான் எழுதி வைத்த ஒருவர் இன்றைக்கு எனக்கு மேலதிகாரி. ஆனால் ஒரு வேலைக்கு எத்தனை நாளாகும், எவ்வளவு செலவாகும் என்று நான் போட்ட கணக்கு ஏறக்குறைய எல்லாமே சரியாக வந்திருந்தது. இருபது வருடத்தில் யாரும் அதைப் பாராட்டியதில்லை, நானும் அதை ஒரு பொருட்டாக எண்ணியதில்லை.

உங்கள் தொழிலிலேயே தொடங்கலாம். இந்த ஆர்டர் எந்தத் தேதிக்கு ஏற்றுமதியாகும், எந்த இடத்தில் மாட்டும், சாயப் பட்டறையிலா, தையலிலா? எழுதி வையுங்கள். மெர்ச்சண்டைசருக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, மூன்று மாதத்தில் முடிவு வந்துவிடும். ராத்திரி மட்டும் எழுதாதீர்கள், காலையில் எழுதுங்கள். தூக்கம் வராதது பல வாரமாகத் தொடர்கிறது என்றால் நோட்டை மூடிவைத்துவிட்டு முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் பலம் என்ன என்று மற்றவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். நண்பர்கள் "நீ நல்லவன்டா" என்றார்கள். அம்மா "நல்லா சாப்பிடுவே" என்றார். உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லையே!
— கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: அம்மா சொன்னதை அலட்சியப்படுத்தாதீர்கள். மற்றவர்களிடம் கேட்பது நல்ல வழிதான். நமக்குத் தெரியாமல் பிறருக்கு மட்டும் தெரிகிற பக்கம் ஒன்று எல்லோருக்கும் உண்டு. 'ஜோஹாரி ஜன்னல்' என்று 1955-இல் வந்த ஒரு வரைபடம் இதைத்தான் காட்டுகிறது (ஜோஹாரி ஏதோ வடநாட்டு மகான் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஜோசப், ஹாரி என்ற இரண்டு அமெரிக்கர்களின் பெயரை ஒட்டவைத்ததாம்). நீங்கள் கேட்ட விதம்தான் சரியில்லை. "என் பலம் என்ன?" என்று கேட்டால் சங்கடப்பட்டு எதையாவது சொல்லி அனுப்பிவிடுவார்கள். "நான் உனக்கு உதவியாக இருந்த ஒரு சமயத்தைச் சொல்லு, அப்போ நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டுப் பாருங்கள். கூடப் படிப்பவர், சொந்தக்காரர், எங்காவது பகுதிநேர வேலை பார்த்திருந்தால் அங்கே இருப்பவர் என்று ஒருவரையொருவர் அறியாத நான்கைந்து பேரிடம் கேளுங்கள். தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னார்களானால் அதை நம்பலாம்.

கேள்வி: 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வள்ளுவர் எழுதியிருக்கிறார். நீங்கள் ஏன் எப்போதும் மேல்நாட்டுக்காரர்களையே துணைக்கு அழைக்கிறீர்கள்?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாகர்கோவில்

பதில்: ஐயா, குட்டு ஏற்கிறேன். கடிதத்தைப் படித்ததும் 48-ஆம் அதிகாரத்தை எடுத்து உட்கார்ந்தேன். 'வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்' என்ற முதல் குறளில், தன்வலிக்கு முன்னால் வினைவலியை, அதாவது செய்யப்போகும் வேலையின் கனத்தை, வைத்திருக்கிறார். போருக்குக் கிளம்பும் அரசனுக்குச் சொன்னதுதான், ஆனாலும் எந்த வேலைக்கு என்று தெரியாமல் என் பலம் என்ன என்று கேட்பதில் அர்த்தமில்லை என்று எனக்குப் பட்டது. இன்னொன்று இதுவரை என் கண்ணில் படாமலே இருந்தது. மயிற்பீலிக் குறளை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம், கடைசி நான்கு குறள்களைப் பாருங்கள், நான்கும் கையிருப்பின் அளவறிந்து கொடுப்பது, செலவழிப்பது பற்றி. பலத்தை அறிவதில் வரவு செலவும் அடக்கம் என்று வைத்திருக்கிறார். திண்டுக்கல் அம்மாவுக்கு இந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்து அனுப்பப் போகிறேன்.

கேள்வி: நேர்காணலில் பலவீனம் என்ன என்று கேட்டால், "எதையும் கச்சிதமாகச் செய்யாவிட்டால் எனக்குத் திருப்தி வராது, அதுதான் என் பலவீனம்" என்று சொல்லச் சொல்கிறான் நண்பன். சொல்லலாமா?
— வாசகர், வேலூர்

பதில்: நான் நேர்காணல் எடுத்த ஒரு நாளில் ஏழு பேர் அதையே சொன்னார்கள். எட்டாவதாக வந்த பெண், "காலையில் எனக்கு மூளை வேலை செய்யாதுங்க, மதியத்துக்கு மேல்னா எவ்வளவு வேலை வேணாலும் கொடுங்க" என்றார். இந்தப் பக்கத்துக்கு இப்போது அவர்தான் பிழைதிருத்துகிறார், மதியம் இரண்டு மணிக்கு மேல்.