தில்லிக் குளிரில் காய்கறி நாற்றுகளை எப்போது வெளியே எடுப்பது? கேள்வி பதில்

பிப்ரவரி முதல் வாரம் இது. வீட்டுக்குள் குழித்தட்டில் வளர்ந்த தக்காளி, கத்தரி, மிளகாய், கொடிக்காய் நாற்றுகளை வெளியே கொண்டுவருவது பற்றி மட்டும் இன்று பேசுவோம். எந்தப் பகுதி, எத்தனையாவது மாடி, பால்கனி எந்தத் திசை என்று கேள்வியோடு எழுதுங்கள். தண்ணீர் காலை 10 மணிக்கு மேல்தான், மாலையில் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மயூர் விஹார், 4ஆம் மாடி, கிழக்கு: அக்கா, ஊரில் அப்பா தைப்பட்டத்தில்தான் தக்காளி, மிளகாய் நடுவார். நாங்களும் பொங்கல் கழிந்ததும் தொட்டியில் நட்டோம். மூன்று வாரமாக ஓர் இலைகூடப் புதிதாக வரவில்லை. உரம் போதவில்லையா?

உரத்தில் குறை இல்லை. தைப்பட்டம் என்பது தமிழ்நாட்டு இரவுகளுக்குச் சொன்னது. அங்கே தை மாதத்தில் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். இங்கே சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தின் சராசரிப்படி ஜனவரி இரவு 7–8 டிகிரி, பிப்ரவரி 10–11, மார்ச் 15–16. குளிர் அலை வந்தால் 4 டிகிரிக்கும் கீழே போகும். தக்காளி 10 டிகிரிக்குக் கீழே வளர்ச்சியை நிறுத்திவிடும்.

தக்காளி இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்பை ஒட்டி ஊதா நிறம் ஓடியிருக்கும். மண் குளிர்ந்து கிடப்பதால் வேரால் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். மணிச்சத்து மண்ணில் இருக்கிறது. அதனால் இப்போது மணிச்சத்து உரமான டிஏபி போடாதீர்கள், போட்டால் உப்பு சேர்ந்து வேர்நுனி கருகும். இரவு 10 டிகிரியைத் தாண்டியதும் புது இலைகள் பச்சையாக வரும். பழைய இலையின் ஊதா மாறாவிட்டாலும் கவலை இல்லை.

இனி நடுபவர்கள் கிழமையையும் தேதியையும் விட்டுவிட்டு இரவின் குறைந்தபட்ச வெப்பத்தைப் பாருங்கள். தொடர்ந்து ஐந்து இரவு 10 டிகிரிக்கு மேல் இருந்தால் தக்காளியை எடுக்கலாம். கத்தரி, மிளகாய், குடைமிளகாய்க்கு 13. சுரை, பீர்க்கு, பாகல், வெள்ளரிக்கு 15. சமையலறைத் தெர்மாமீட்டர் இருந்தால் காலை 8 மணிக்குத் தொட்டி மண்ணில் ஒரு விரல் ஆழம் செருகிப் பாருங்கள். தக்காளிக்கு மண் 15 டிகிரி காட்ட வேண்டும், கொடிக்காய்களுக்கு 18.

பயந்துகொண்டு மார்ச் கடைசி வரை உள்ளேயே வைத்திருப்பதும் தவறுதான். பகல் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். ஏப்ரலில் தில்லியின் சராசரிப் பகல் வெப்பமே அதைத் தாண்டிவிடும். பிப்ரவரி நடுவில் நட்டால் மார்ச்சில் பூத்துப் பிஞ்சு பிடிக்கும். நமக்கு இருப்பது ஏறக்குறைய மூன்று வார இடைவெளிதான்.

ஜனக்புரி, 2ஆம் மாடி, தெற்கு: நேற்று முதல்முறையாக 30 நாற்றுகளைக் காலையிலிருந்து மாலைவரை வெயிலில் வைத்தேன். இன்று இலையெல்லாம் வெள்ளைத் திட்டு, தாள் போல் ஆகிவிட்டது. பூஞ்சையா?

பூஞ்சை இல்லை. வெயில் சுட்டிருக்கிறது. ஜன்னல் ஓரத்தில் வளர்ந்த இலையின் தோல் மெல்லியது, நேர் வெயிலையும் காற்றையும் அது பார்த்ததே இல்லை. குருத்து பச்சையாக இருந்தால் நாற்று பிழைக்கும். சுட்ட இலையைக் கிள்ளாதீர்கள், பாதி பச்சையாவது வேலை செய்யும்.

இரண்டு நாள் நிழலில் வைத்துவிட்டு முதலிலிருந்து பழக்குங்கள். முதல் இரண்டு நாள் வெளியே, ஆனால் வெயில் படாத இடத்தில் இரண்டு மணி நேரம். மூன்றாம் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம். அதன்பின் தினம் ஒரு மணி கூட்டுங்கள். ஏழாம் எட்டாம் நாள் பகல் முழுக்க வெளியே இருக்கலாம். கடைசி இரண்டு இரவும் வெளியிலேயே வைத்து, பிறகு நடுங்கள். பழக்கும் நாட்களில் தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் வேண்டாம், கொழுத்த தண்டு குளிரைத் தாங்காது. தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கலாம், வாட விடக்கூடாது.

துவாரகா, 9ஆம் மாடி, மேற்கு: பழக்கும்போது வெயிலே படவில்லை, ஆனாலும் துவண்டுவிட்டன. ஏன்?

காற்று. ஒன்பதாம் மாடியில் வெயிலைவிட வேகமாக அதுதான் இலையை உலர்த்தும். கம்பியில் 50 சதவீத நிழல்வலையை இடுப்பு உயரத்துக்குக் கட்டி, தட்டைத் தரையில் சுவர் ஓரமாக வையுங்கள்.

முனிர்கா: முருங்கைக் குச்சி எப்போது நடலாம்?

மார்ச்சில். இன்றைய பேச்சு நாற்று மட்டும்.

கரோல் பாக், 3ஆம் மாடி, வடக்கு: நாற்று நூல் போல நீண்டு சாய்கிறது. நடலாமா?

வெளிச்சம் போதவில்லை. ஜனவரி மூடுபனியில் எல்லோருக்கும் நடப்பதுதான், வடக்கு பால்கனிக்கு வெயிலே வராது. 20 வாட் வெள்ளை எல்இடி டியூப்பை நாற்றின் தலைக்கு அரையடி மேலே தொங்கவிட்டு, தினம் 14 மணி நேரம் எரியவிடுங்கள். தக்காளி என்றால் விதையிலை வரை தண்டைப் புதைத்து நடலாம், புதைந்த தண்டில் வேர் விடும். மிளகாயிலும் கத்தரியிலும் அந்த அளவுக்கு வேர் வராது, பழைய மட்டத்திலேயே நட்டுக் குச்சி கட்டுங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பழுப்பாகி நூலாக மெலிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது நாற்றழுகல், அந்தக் குழியை மண்ணோடு எடுத்து எறியுங்கள். ஈரம் இரவு முழுக்க நின்றால்தான் அது வரும். மாலையில் தண்ணீர் வேண்டாம்.

சாகேத், மொட்டை மாடி: மாலையில் தண்ணீர் கூடாது என்கிறீர்கள். ஆனால் ஹரியானா விவசாயிகள் உறைபனி வரும் என்று தெரிந்தால் மாலையில்தான் வயலுக்கு நீர் பாய்ச்சுகிறார்கள். அவர்கள் செய்வது தவறா?

தவறே இல்லை. நனைந்த வயல் பகல் சூட்டை ஆழம் வரை வாங்கி வைத்து இரவில் மெல்ல விடும், பயிர் மட்டத்தில் ஓரிரு டிகிரி கூடும். அது ஏக்கர் கணக்கில் ஒரே மண்ணாகக் கிடப்பதால் நடக்கிறது. 12 அங்குலத் தொட்டிக்கு நாலு பக்கமும் காற்று. அதில் குழாயின் சில்லென்ற நீரை மாலையில் ஊற்றினால் இருக்கிற சூடும் போய், விடியும்வரை வேர் குளிர்ந்த சேற்றில் நிற்கும். கூரையுள்ள பால்கனியில் உறைபனி விழவும் வாய்ப்பு மிகக் குறைவு.

சாகேத்: நான் கேட்டது மொட்டை மாடி. மேலே கூரை இல்லை.

நீங்கள் சொல்வது சரி, அதைப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். நாம் எல்லாவற்றையும் ‘பனி’ என்றே சொல்லிவிடுகிறோம். மூடுபனி வேறு, உறைபனி வேறு. மூடுபனி போர்வை மாதிரி, தரைச் சூட்டை மேலே போக விடாது. வானம் துடைத்தது போலிருந்து, காற்றே இல்லாத இரவுதான் ஆபத்து. அன்று இலையின் சூடு நேரே வானத்துக்குப் போகும். வானிலை அறிக்கை 4 டிகிரி சொன்னால் உங்கள் மாடியில் இலைமேல் 1 டிகிரிகூட இருக்கலாம்.

நஜஃப்கட், தனி வீடு: எங்கள் பக்கம் ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. காய்ந்த தொட்டிகளில் இருந்த செடிகள்தான் முதலில் கருகின. அப்படியானால் ஈரம் நல்லதுதானே?

ஈரம் நல்லது, ஊற்றும் நேரம்தான் பிரச்சினை. காய்ந்த கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கலவை சூட்டைப் பிடித்து வைக்காது. பகல் 12 மணிக்குள் ஊற்றிவிட்டால் இரண்டு மூன்று மணி வெயிலில் அந்த நீரும் சேர்ந்து சூடாகும். மாலைக்குள் மேல்மண் உலர்ந்துவிடும், அடியில் ஈரம் நிற்கும். வெயில் இறங்குவதற்கு முன்பே பழைய வேட்டியோ மெல்லிய துணியோ எடுத்து, குச்சி நட்டு அதன்மேல் போர்த்துங்கள், தரைவரை தொங்கட்டும். பிளாஸ்டிக் என்றால் இலையைத் தொடக்கூடாது, தொட்ட இடத்தில் கருகும். காலை 9 மணிக்குள் தூக்கிவிடுங்கள், மூடிய பிளாஸ்டிக்குக்குள் பிப்ரவரி வெயிலிலும் வெந்துவிடும்.

சாகேத்: பகல் 12 மணி என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

நல்லது.

ஆர்.கே.புரம், ரோகிணி, பட்பட்கஞ்ச் (மூவருக்கும் ஒரே கேள்வி): இன்று வெயில் நன்றாக இருக்கிறது. இன்றே நட்டுவிடலாமா?

பகல் வெயிலைப் பார்க்காதீர்கள். ஐந்து இரவு, 10 டிகிரி. மேலே எழுதியிருக்கிறேன்.

ஒக்லா, தரைத்தளம்: யமுனைக் கரையில் சுரையும் வெள்ளரியும் இப்போதே கொடி விட்டிருக்கிறது. எங்களுக்கு மட்டும் ஏன் 15 டிகிரி வரை காத்திருக்கச் சொல்கிறீர்கள்?

நல்ல கேள்வி. அவர்கள் வெறுமனே விதைக்கவில்லை. ஆற்று மணலில் பள்ளம் தோண்டி, எரு நிரப்பி, அதில் விதைப்பார்கள். வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்றை நாணல் புல் தட்டி கட்டித் தடுப்பார்கள். மணல் பகலில் சீக்கிரம் சூடேறும். இன்னொரு முறை தாழ்குடில். கம்பியை வில்லாக வளைத்து மெல்லிய பிளாஸ்டிக்கை மூடி, அதற்குள் ஜனவரியிலேயே நாற்று நடுவார்கள். பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையம் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லித்தருகிறது. காய் ஒரு மாதத்துக்கும் மேல் முந்தி வரும்.

தரைத்தளம் என்பதால் நீங்களும் செய்யலாம். 6 மில்லிமீட்டர் கம்பியை இரண்டடி உயர வில்லாக வளைத்து, ஆறடிக்கு ஒன்றாக ஊன்றி, பிளாஸ்டிக்கின் ஓரத்தை மண்ணில் புதையுங்கள். கிழக்குப் பக்கம் கையகல ஓட்டைகள் போடுங்கள், வெப்பம் ஏற ஏற எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பெண்பூ வந்ததும் பிளாஸ்டிக்கை எடுத்துவிட வேண்டும், தேனீ உள்ளே வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். கொடிக்காய் நாற்றை இரண்டு மூன்று இலையிலேயே நட்டுவிடுங்கள். தட்டில் அதிக நாள் நின்று வேர் சுருண்டால் அப்புறம் கொடி ஓடாது. வேர் மண்கட்டி உடையாமல் எடுங்கள்.

வசந்த் குஞ்ச்: வெண்டை நாற்று எத்தனை இலையில் மாற்றலாம்?

வெண்டைக்கு நாற்று வேண்டாம், ஆணிவேர் மாற்றத்தைத் தாங்காது. பிப்ரவரி கடைசியில் விதையை ஓர் இரவு ஊறவைத்து நேராகத் தொட்டியில் ஊன்றுங்கள்.

லக்ஷ்மி நகர்: ரோஜாவில் கரும்புள்ளி...

ரோஜா இன்று இல்லை.

மயூர் விஹார் (மறுபடியும்): அக்கா, சொன்னபடி இலையைத் திருப்பிப் பார்த்தேன், ஊதாதான். பிடுங்கிவிட்டுப் புது நாற்று வாங்கவா, வைத்துக்கொள்ளவா?

ஒரு செடியைத் தொட்டியிலிருந்து மண்ணோடு கவிழ்த்துப் பாருங்கள். வேர்நுனி வெள்ளையாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இரவு சூடானதும் இரண்டு வாரத்தில் கிளம்பும். பழுப்பாகி, இழுத்தால் தோல் கழன்று நார் மட்டும் கையில் வந்தால் பிடுங்கிவிட்டுப் புது நாற்று வாங்குங்கள். அதையும் ஒரு வாரம் பழக்கிவிட்டே நடுங்கள். கடைக்காரர் அதை எங்கே வைத்திருந்தார் என்று நமக்குத் தெரியாது.